பனியாறாய் நின்ற தேநீர்

கெண்டியைச் சாய்த்தால் தேநீர் ஒழுகும். அது ஒழுகுவதைப் பார்க்கிறோம். கோப்பையில் மட்டம் ஏறுவதைப் பார்க்கிறோம். விளிம்பை எட்டும் முன் கை தானாக நிமிர்கிறது. இந்த எளிய செயலுக்குள் எத்தனை நுண்ணிய வேலைப்பாடு இருக்கிறது என்பதை நமக்குக் காட்டித் தந்தவர், ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஆராயப்பட்ட ஒரு பெண்மணி. மருத்துவ ஏடுகளில் எல்.எம். என்ற இரண்டு எழுத்துகள்தான் அவருக்குப் பெயர். 1978-இல் அவருடைய மூளையின் பெரிய சிரை ஒன்றில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது. மூளையின் பின்பகுதி இருபுறமும் சேதமானது. பிழைத்து எழுந்தபோது நிறங்கள் அப்படியே இருந்தன. பொருள்களின் வடிவம் இருந்தது. முகங்கள் அடையாளம் தெரிந்தன. அசைவு மட்டும் அவர் கண்ணைவிட்டுப் போயிருந்தது.

அவரை ஆராய்ந்த யோசெஃப் ட்ஸீலும் இரு சகாக்களும் 1983-இல் ‘பிரெய்ன்’ என்னும் மருத்துவ இதழில் அவரைப் பற்றி எழுதினார்கள். தேநீரோ காபியோ ஊற்றுவது அவருக்குச் சிரமம். ஊற்றும் திரவம் பனியாறுபோல் உறைந்து நிற்பதாகத் தெரிகிறது என்று அதில் ஓரிடம் வரும். அந்த உவமையோடு சற்று நேரம் தங்கிப் பாருங்கள். கல் என்று சொல்லியிருக்கலாம், கண்ணாடி என்று சொல்லியிருக்கலாம். பனியாறு என்று வந்திருப்பதில் எத்தனை பொருத்தம்! பனியாறு உண்மையில் ஓடிக்கொண்டிருப்பது. மலைச்சரிவில் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருப்பது. ஆனால் எதிரே நிற்பவர் எவ்வளவு நேரம் உற்று நோக்கினாலும் அந்த ஓட்டம் கண்ணில் படாது. ஓடுகிறது என்று அறிவு சொல்கிறது, நிற்கிறது என்று கண் சொல்கிறது. எல்.எம்.மின் நிலை முழுவதும் அந்த ஓர் உவமைக்குள் அழகாக அமர்ந்துவிடுகிறது. பார்வையைப் பற்றிய மருத்துவ எழுத்தில் இதைவிடத் துல்லியமான ஒரு வரியை நான் படித்ததில்லை.

கோப்பைக்குள் நடப்பது இன்னும் நுட்பமானது. திரவம் ஏறுவது தெரியாததால் எந்தக் கணத்தில் கெண்டியை நிமிர்த்துவது என்று அவருக்குப் பிடிபடவில்லை. நாம் ஊற்றும்போது செய்வது என்ன என்று இந்த இடத்தில்தான் விளங்குகிறது. நிரம்பிவிட்டதா என்று நாம் பார்ப்பதில்லை. நிரம்பப் போகிறது என்று பார்க்கிறோம். ஏறும் வேகத்திலிருந்து அடுத்த கணத்தின் மட்டத்தைக் கண் முன்கூட்டியே வாங்கிக் கைக்குத் தந்துவிடுகிறது. வரப்போவதை இப்போதே காண்கிற இந்த மென்மையான வித்தையை நாம் நாளொன்றுக்கு எத்தனை முறை நிகழ்த்துகிறோம்! ஒருமுறையும் அதை வியந்ததில்லை.

பேச்சும் அவருக்குக் கடினமாயிற்று. காது நன்றாகக் கேட்டது, மொழி நன்றாகப் புரிந்தது. பேசுகிறவரின் முகத்தில் ஓடும் அசைவுகள், முக்கியமாக வாயின் அசைவுகள், தெரியவில்லை. அதனால் உரையாடலைப் பின்தொடர்வது பெரும்பாடாகிவிட்டது. எவ்வளவு இனிமையான செய்தி ஒளிந்திருக்கிறது இந்தத் துயரத்துக்குள்! எதிரே இருப்பவர் சொல்லத் தொடங்குமுன் உதடு லேசாகப் பிரிவது, முடிக்கப்போகையில் கன்னம் தளர்வது, சிரிப்பு வருமுன் கண்ணோரம் சுருங்குவது: இந்தச் சின்னஞ்சிறு நகர்வுகளின்மேல்தான் நம் பேச்சு ஏறிப் பயணம் செய்கிறது. இவற்றில் எதையும் நாம் தனியாகக் கவனிப்பதில்லை. ஆனால் இவை இல்லாவிட்டால் நேருக்கு நேர் உட்கார்ந்திருந்தும் பேச்சு பிடி நழுவுகிறது.

ஓர் அறையில் இரண்டு பேருக்கு மேல் நடமாடினால் அவருக்குப் பதற்றம் வந்துவிடும். பெரும்பாலும் உடனே வெளியேறிவிடுவார். ஆட்கள் சட்டென்று இங்கே இருக்கிறார்கள், சட்டென்று அங்கே இருக்கிறார்கள், நகர்ந்ததை மட்டும் தான் பார்க்கவில்லை என்பது அவர் சொன்ன காரணம். தாயக்கட்டத்தில் ஒரு கட்டத்திலிருந்து எடுத்து இன்னொன்றில் வைக்கும் காய்களாக மனிதர்கள் அவரைச் சுற்றி இடம் மாறியிருக்க வேண்டும். தெருவைக் கடப்பது இன்னும் கொடுமை. முதலில் பார்க்கையில் கார் தொலைவில் இருக்கும். கடக்க நினைக்கும்போது அதே கார் திடீரென்று மிக அருகில் இருக்கும். இடைப்பட்ட தூரம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. இங்கே அந்தப் பெண்மணியின் சமயோசிதத்தை நான் மனமாரப் போற்றுகிறேன். வண்டியின் ஓசை வலுப்பதைக் கேட்டு அது எவ்வளவு அருகில் வந்துவிட்டது என்று கணிக்கப் பழகிக்கொண்டார். கண் கைவிட்ட வேலையைக் காது ஏற்றுக்கொண்டது.

காது ஏற்றுக்கொள்ள முடிந்ததே எப்படி என்று கேட்டால், ஆய்வாளர்களின் கைத்திறனுக்கு வந்து சேர்கிறோம். நகரும் ஓசையை அவரால் உணர முடிகிறதா என்று சோதித்தார்கள், முடிந்தது. தோலின்மேல் நகரும் தொடுகையையும் உணர முடிந்தது. அப்படியானால் அசைவு என்ற கருத்து அவர் மனத்தைவிட்டுப் போகவில்லை. கண் வழியாக வரும் அசைவுக்கு மட்டுமே வாசல் சாத்தியிருந்தது. அந்த வாசலிலும் ஒரு சின்ன இடுக்கு இருந்தது. பார்வையின் நடுப்பகுதியில் அசைவு கொஞ்சம் தெரிந்தது, ஆனால் நம்பி இருக்க முடியாத அளவில். ஓரங்களில், ஒன்று நகர்கிறதா நிற்கிறதா என்பது மட்டும் தெரிந்தது. தன்னை நோக்கி வருவதும் தன்னைவிட்டு விலகுவதும் அறவே தெரியவில்லை. இழப்பு என்று ஒரே சொல்லில் மூடிவிடாமல், எங்கே எவ்வளவு மிச்சம் என்று வரம்பு வரம்பாக அளந்து வைத்த அந்தப் பொறுமை என்னைக் கட்டிப்போடுகிறது.

இன்னொரு சோதனை நம் எல்லாருக்கும் பிடித்த ஒன்றைத் தொடுகிறது. அருகருகே இரண்டு விளக்குகளைத் தக்க இடைவெளியில் மாறிமாறி மின்னச் செய்தால், ஒரே ஒளிப்புள்ளி இங்கிருந்து அங்கே தாவுவதாக நமக்குத் தோன்றும். உண்மையில் எதுவும் தாவவில்லை. அவருக்கு அந்தத் தாவல் தோன்றவே இல்லை. விநாடிக்கு 24 நிலைப்படங்களைத் திரையில் காட்டி நம்மைச் சிரிக்கவும் அழவும் வைக்கிற சினிமா இந்தத் தாவலின்மேல்தான் எழுந்து நிற்கிறது. திரையில் ஓடுவது எதுவும் இல்லை. ஓட்டத்தை நெய்து தருவது நம் தலைக்குள் இருக்கும் அந்தச் சிறு பகுதி.

அது எங்கே இருக்கிறது என்றால், காதுக்குப் பின்னால் சற்று மேலே, மூளையின் பொட்டு மடலும் பின்மடலும் சந்திக்கும் இடத்தில். 1971-இல் ரொனால்ட் டப்னரும் செமிர் ஸெக்கியும் குரங்கின் மூளையில் இதற்கு நிகரான பகுதியை ஆராய்ந்தபோது, அங்குள்ள நரம்பணுக்கள் அசைவின் திசைக்கென்றே துடிப்பவை என்று கண்டார்கள். ஒன்று இடமிருந்து வலமாகப் போவதற்குத் துடிக்கும். அடுத்தது மேலிருந்து கீழே வருவதற்கு. நிறம் என்ன என்பதில் அவற்றுக்குப் பெரிய அக்கறை கிடையாது. 1990-இல் வில்லியம் நியூசமும் சகாக்களும் இன்னும் ஓர் அடி சென்றார்கள். திரையில் புள்ளிகள் கலைந்து நகர்வதைக் குரங்கு பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு குறிப்பிட்ட திசையை விரும்பும் நரம்பணுக் கூட்டத்துக்கு நுண்ணிய மின்சாரம் கொடுத்தால், புள்ளிகள் அந்தத் திசையில் போவதாகக் குரங்கின் தீர்ப்பு சாய்ந்துவிடும். திசை என்னும் கண்ணுக்குப் புலப்படாத பொருளுக்கு மூளையில் இப்படி ஓர் இடம் உண்டு என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை. எல்.எம்.முக்கு நேர்ந்த குறைக்கு ‘அகினெடாப்சியா’ என்று ஸெக்கி 1991-இல் பெயர் வைத்தார்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் நெருக்கமான இடம் இனிமேல்தான் வருகிறது. சுவீடனின் உப்சாலாவில் குன்னார் யோஹான்சன் என்ற உளவியலாளர் ஒரு நடிகரின் தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூட்டுகளில் சிறு விளக்குகளைப் பொருத்தி, இருட்டில் படம் எடுத்தார். 1973-இல் அதைப் பற்றி எழுதினார். படத்தில் பத்துப் பன்னிரண்டு புள்ளிகளைத் தவிர ஒன்றும் இல்லை. புள்ளிகள் அசையாமல் நின்றால் பார்ப்பவருக்கு எதுவும் விளங்காது. நகரத் தொடங்கியதும், ஒரு மனிதர் நடக்கிறார் என்று கண் உடனே கண்டுகொள்ளும். முகமில்லை, ஆடையில்லை, உடம்பின் கோடுகூட இல்லை. அசைவு மட்டுமே உருவத்தை வரைந்து காட்டிவிடுகிறது. 1996-இல் இப்படிப்பட்ட படங்களை எல்.எம்.முக்குக் காட்டினார்கள். அசைவையே காணாதவருக்கு இவை வெறும் புள்ளிகளாகத்தான் இருக்கும் என்று யாரும் நினைத்திருப்பார்கள். அவரோ அந்தப் புள்ளிக் கூட்டத்தில் மனிதரைக் கண்டார்; என்ன செய்கிறார் என்பதையும் சொன்னார். தேநீரின் ஒழுக்கும் காரின் வரவும் தெரியாத கண்ணுக்கு மனித உடலின் நடை தெரிந்திருக்கிறது! சக மனிதரின் அசைவுக்கென்று மூளை தனியாக ஒரு பாதையைப் பேணி வைத்திருக்கிறது என்றே இதை நான் வாசிக்கிறேன். அறையில் ஆட்கள் நடமாடினால் பதறிப்போனவர் இதே பெண்மணிதான் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். புள்ளிகள் மட்டுமே இருந்த இருட்டுத் திரையில் அவருக்கு வாய்த்தது, நெரிசலான அறையில் வாய்க்கவில்லை.

எல்.எம்.முக்கு நேர் எதிரான அற்புதம் முதல் உலகப் போரின்போதே பதிவாகியிருந்தது. பிரிட்டிஷ் வீரர்களின் தலைக்கவசம் உச்சியில் உயர்ந்து உட்கார்ந்து, பின்னந்தலையைத் திறந்தே விட்டிருந்தது. பதுங்குகுழிகளில் குண்டும் சிதறலும் அங்கே பாய்ந்து, பார்வைக்குரிய பகுதி துளைக்கப்பட்டவர்கள் பலர். ஜார்ஜ் ரிட்டாக் என்ற இளம் மருத்துவர் அவர்களைச் சோதித்து 1917-இல் எழுதினார். பார்வையில்லை என்று முடிவுகட்டிய பகுதியில் ஒரு பொருளை அசையாமல் வைத்தால் வீரருக்கு எதுவும் தெரியவில்லை. அதையே அசைத்தால் ஏதோ நகர்கிறது என்றார்கள். என்ன வடிவம் என்று சொல்ல முடியவில்லை. நிறம் கேட்டால் நிழலான ஒரு சாம்பல் சாயல், அவ்வளவுதான். பொருள் இல்லாத அசைவு! எதன் அசைவு என்று தெரியாமல் அசைவு மட்டும் கண்ணில் நிற்பதைக் கற்பனை செய்து பார்க்க முயல்கிறேன். கிட்டத்தட்ட எட்டுகிறது, நழுவிவிடுகிறது. அந்நாளின் பெரிய நரம்பியல் அறிஞர் கோர்டன் ஹோம்ஸ் இதை ஏற்கவில்லை. பார்வையை இப்படிக் கூறுபோட முடியாது என்பது அவர் நிலை. ஆனால் வீரர்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதிவைத்த ரிட்டாக்கின் பக்கமே காலம் நின்றது. அந்த நிகழ்வுக்கு இன்று அவர் பெயர்தான்.

அவர் கண்டதன் அழகு முழுவதையும் நம் காலத்து ஸ்காட்லாந்துப் பெண் ஒருவரின் வாழ்க்கையில் காணலாம். தொடர்ந்து வந்த பக்கவாதங்களால் அவருடைய மூளையின் பின்பகுதியில் ஓர் ஆப்பிள் அளவுக்குத் திசு இல்லாமற் போயிற்று. பார்வை முற்றிலும் போனது என்றே எல்லாரும் எண்ணினார்கள். ஒருநாள் பரிசுப் பை ஒன்றின் மினுமினுப்பு அவர் கண்ணில் பளிச்சிட்டது. பிறகு ஒவ்வொன்றாக வந்தன. சன்னலில் வழியும் மழைநீர் தெரியும், சன்னலுக்கு அப்பால் எதுவும் தெரியாது. குளியல் தொட்டியில் வடியும் தண்ணீர் தெரியும், தொட்டிக்குள் இருக்கும் குழந்தை தெரியாது. மகள் நடந்து போகையில் பின்னால் ஊசலாடும் குதிரைவால் சடை தெரியும், மகள் தெரியமாட்டாள்.

அந்தச் சடையை விட்டு எனக்கு நகர மனமில்லை. ஒரு தாய்க்குத் தன் மகளின் முகத்தை மறைத்துவிட்ட மூளை, அவள் நடையின் தாளத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை, நடப்பவளின் குதூகலமும் களைப்பும் அவசரமும் அந்த ஊசலில் எழுதியிருக்கும். கண்மருத்துவர் ஒருவரின் யோசனைப்படி அவர் ஆடுநாற்காலியில் அமர்ந்து ஆடிப் பார்த்தார். தான் அசைந்தால் நிற்கும் உலகமும் கண்ணுக்கு அசையும் அல்லவா, எவ்வளவு நேர்த்தியான யோசனை! கனடாவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜோடி கல்ஹாமின் குழு அவரைச் சோதித்து, அசைவுக்கான பகுதி பழுதின்றி உழைத்துக்கொண்டிருப்பதை ஸ்கேனில் கண்டது. எறிந்த பந்தை அவர் பிடித்தார். நாற்காலிகளுக்கு இடையே மோதாமல் நடந்தார்.

வடிவத்தை மட்டும் இழந்தவரையும் சொல்லாமல் இருக்க முடியாது. மருத்துவ ஏடுகளில் அவர் பெயர் டி.எஃப். 1988-இல் இத்தாலியில் குளித்துக்கொண்டிருந்தபோது, பழுதான ஹீட்டரிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு அவரை வீழ்த்தியது. நிறமும் பொருளின் மேற்பரப்பும் அவருக்கு அழகாகத் தெரிந்தன. தாயின் புறங்கையில் உள்ள மெல்லிய ரோமங்கள்கூடத் தெரிந்தன. கையின் வடிவம் தெரியவில்லை. ஆப்பிளை வரையச் சொன்னால் நினைவிலிருந்து நன்றாக வரைந்தார். வரைந்ததை எடுத்துவைத்துப் பிறகு காட்டினால், அது என்ன படம் என்று சொல்ல முடியவில்லை.

அவரைச் சோதித்த டேவிட் மில்னர் ஒருநாள் அவர் முன் பென்சிலை நீட்டினார். நெடுக்காகப் பிடித்திருக்கிறதா, குறுக்காகப் பிடித்திருக்கிறதா? தெரியவில்லை என்றார் டி.எஃப். சொல்லிவிட்டு, அருகில் பார்ப்பதற்காகக் கையை நீட்டிப் பென்சிலை வாங்கினார். விரல்கள் பிசகின்றிச் சரியான சாய்வில் போய்ப் பற்றின. அந்த ஒரு கணத்தில் மில்னர் கண்டதை, மெல்வின் குடேலும் சகாக்களும் சேர்ந்து 1991-இல் ‘நேச்சர்’ இதழில் சோதனையாக முன்வைத்தார்கள். தபால் பெட்டியின் துவாரம்போல ஒரு பிளவு, அதை எந்தக் கோணத்துக்கும் திருப்பலாம். பிளவு எந்தச் சாய்வில் இருக்கிறது என்று கையிலுள்ள அட்டையைச் சாய்த்துக் காட்டச் சொன்னால், டி.எஃப். காட்டியதற்கும் உண்மைக்கும் பொருத்தமில்லை. அட்டையைப் பிளவுக்குள் போடச் சொன்னால், கை கிளம்பும்போதே அட்டை திரும்பத் தொடங்கி, தடையின்றி உள்ளே நுழைந்தது.

இந்தக் காட்சியை எத்தனை முறை மனத்தில் ஓட்டிப் பார்த்தாலும் அதன் மெருகு குறைவதில்லை. வாய்க்குத் தெரியாததைக் கை அறிந்திருக்கிறது. கைக்கு அந்தச் செய்தியைத் தரும் பாதை மூளையின் மேற்புறமாகவும், இது இன்னது என்று நமக்குச் சொல்லும் பாதை கீழ்ப்புறமாகவும் போகின்றன, டி.எஃப்.புக்குப் பெரிதும் பழுதானது கீழ்ப்பாதை. இன்னும் நுட்பமான ஒரு செய்தி: பொருளைக் காட்டி, அதை எடுத்துவிட்டு, இரண்டு விநாடி கழித்து அது இருந்த இடத்தில் பற்றுவதுபோல் செய்யச் சொன்னால், விரல்களின் அந்த அளவறிந்த விரிவு மறைந்துவிட்டது. கையின் அறிவுக்கு ஞாபகம் இல்லை. பொருள் கண்முன் இருக்கும்வரை மட்டுமே அது உயிரோடு இருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1998-இல் வந்த தம் நூலில் இந்தப் பெண்ணின் கதையை விரிவாகவும் பிரியத்தோடும் சொல்லியிருக்கிறார். கிடைத்தால் அவசியம் படியுங்கள்.

எல்.எம்.முக்குக் கண்மருத்துவமனையின் எழுத்துப் பலகையில் குறை தெரிந்திருக்காது. அவர் கூர்மையாகவே பார்த்தார். அவருடைய குறையை வெளிக்கொண்டு வந்தவை அவர் சொன்ன சொற்கள். உங்கள் வீட்டில் பக்கவாதத்திலிருந்தோ தலைக் காயத்திலிருந்தோ எழுந்த ஒருவர், ஆட்கள் திடீர் திடீரென்று பக்கத்தில் வந்து நிற்கிறார்கள் என்றோ, நிறம் தெரிகிறது பொருள் பிடிபடவில்லை என்றோ சொன்னால், மனக்குழப்பம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவர் சொன்னதைச் சொன்னபடியே ஒரு தாளில் எழுதி, நரம்பியல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.